ஊட்டி பார்த்தவர்களுக்கு எல்லவில் என்ன இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து ஒரு குடும்பம் இலங்கைக்கு வருகிறது: கணவன், மனைவி, 9 வயது மகன், முழங்கால் வலி உள்ள அம்மா. மலைநாட்டில் எல்ல என்ற ஊரில் மூன்று நாள். "ஊட்டியையும் கொடைக்கானலையும் பார்த்துச் சலித்தவர்களுக்கு அங்கே புதிதாக என்ன இருக்கிறது? எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?"

நான் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எல்ல எங்களுக்குக் கோச்சியில் அரை மணி நேரம். கோச்சி என்றால் ரயில். மலையகத்தில் அப்படித்தான் சொல்வோம்.

முதலில், குளிரை நம்பி வராதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், எல்ல ஏறத்தாழ 1,040 மீட்டர்தான். விடிகாலையில் ஒரு சுவெட்டர் வேண்டும், பத்து மணிக்கு அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வீர்கள். ஏரி, படகு, பூங்கா எதுவும் கிடையாது. ஊர் என்பது ஒரே ஒரு பெரிய தெரு; இரண்டு பக்கமும் பீட்சா கடை, இரவானால் பாட்டுச் சத்தம். அந்தத் தெருவை மட்டும் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊர் மலைநாட்டின் தெற்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. எல்ல ராக் ஒரு பக்கம், சின்ன சிவனொளிபாதம் ஒரு பக்கம், நடுவே மலை பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவு வழியாகப் பார்த்தால் தெற்கே சமவெளி தெரியும். ஊட்டியில் மலைக்கு அப்பால் இன்னொரு மலை. இங்கே மலை சட்டென்று முடிந்து, கீழே வேறொரு ஊர், வேறொரு வெயில். வெல்லவாய போகும் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சுவெட்டர் போட்ட ஊரிலிருந்து வேர்த்து ஒழுகும் ஊருக்கு இறங்கிவிடலாம்.

ஆனால் அந்தக் காட்சி நாள் முழுக்கத் திறந்திருக்காது. காலை ஒன்பது, ஒன்பதரை வரைதான் மலை உங்களுடையது. அதற்குப் பிறகு மூட்டம் ஏறும், பிற்பகலில் பல நாள் மழை. ஆகவே மூன்று நாளும் விடிகாலையில் எழும்புங்கள். மத்தியானம் தூங்குங்கள். இந்த ஒன்றைச் செய்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

முதல் காலை சின்ன சிவனொளிபாதத்துக்குக் கொடுங்கள். லிட்டில் ஆடம்ஸ் பீக் என்று பலகை போட்டிருப்பார்கள். 1,141 மீட்டர், அதாவது ஊரைவிட நூறு மீட்டர்தான் கூடுதல். தேயிலைக்குள் போகும் பாதை வரை ஓட்டோ வரும். அங்கிருந்து முக்கால் மணி நேர நடை. முதல் பாதி கிட்டத்தட்ட சமதரை, கடைசியில்தான் படிகள். அம்மா படி தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடலாம். காட்சியில் முக்கால் பங்கு அங்கேயே கிடைத்துவிடும். மகன் ஓடியே ஏறிவிடுவான். உச்சியில் எல்லாரும் முதல் மேட்டில் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அதையும் தாண்டி இன்னும் சில மேடுகள் உண்டு, இறங்கி ஏற வேண்டும். கூட்டம் இல்லாத இடம் அதுதான். பையனின் கையை மட்டும் விடாதீர்கள், ஓரத்தில் கம்பி கிடையாது.

இறங்கும்போது கொழுந்து எடுக்க வரும் பெண்களைப் பார்ப்பீர்கள். இடுப்பில் படங்கு (தடித்த விரிப்பு) கட்டியிருப்பார்கள், செடியில் துணி கிழியாமலும் பனி நனைக்காமலும் இருக்க. முதுகில் முன்பு கூடை, இப்போது பல தோட்டங்களில் சாக்கு. அதன் கயிறு நெற்றியில் பதிந்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்து, ஒரு படம் எடுத்து, நகர்ந்துவிடுவார்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: நீங்கள் பேசலாம். "அக்கா, இன்னிக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஊர் என்று திருப்பிக் கேட்பார்கள். கோவை என்றால், தாத்தா திருச்சிப் பக்கம் என்றோ புதுக்கோட்டைப் பக்கம் என்றோ பதில் வரும், ஊர்ப் பெயர் மட்டும் மறந்திருக்கும். 1823 முதல் தென்னிந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 2023இல்தான் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தோம். படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்களுக்கு அது வேலை நேரம், எடைக்குத்தான் கணக்கு. கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள்.

இரண்டாவது, ஒன்பது வளைவுப் பாலம். எல்லவின் முகவரியே இப்போது அதுதான். 1921இல் கட்டப்பட்டது, 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். கல், செங்கல், சீமெந்து மட்டும், இரும்பு கிடையாது. பாலத்துக்கென்று வந்த இரும்பை முதல் உலகப் போருக்குத் திருப்பிவிட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் கல்லை வைத்தே கட்டி முடித்தார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பாலம் வளைந்து நிற்பதுதான் அழகு. கோச்சி வரும்போது முன் பெட்டியும் பின் பெட்டியும் ஒரே பார்வையில் விழும். எத்தனை மணிக்கு வரும் என்று எல்ல ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு போங்கள். தாமதமாகும், அதற்கும் தயாராகப் போங்கள்.

ஆனால் பாலத்தடிக்கு இறங்கும் பாதை செங்குத்து, மழை பெய்திருந்தால் சேறு. அம்மாவால் முடியாது. அதற்கு நான் எல்லாரிடமும் சொல்லும் வழி ஒன்று உண்டு. எல்லவில் பதுளை போகும் கோச்சி ஏறி அடுத்த ஸ்டேஷனான தெமோதரையில் இறங்குங்கள். பாலம் இடையில்தான் இருக்கிறது. ஒரு படி இறங்காமல், உட்கார்ந்தபடியே அம்மா அந்தப் பாலத்தைக் கடந்துவிடுவார். சுமார் இருபது நிமிடப் பயணம், டிக்கெட்டும் மலிவு.

தெமோதரையில் இறங்கியதும் அவசரப்பட்டு வெளியே போகாதீர்கள். இந்தப் பயணத்தில் உங்கள் மகன் கடைசிவரை மறக்காத விஷயம் அங்கேதான் நடக்கும். நீங்கள் இறங்கிய கோச்சி பதுளைப் பக்கம் புறப்பட்டு, வளைவில் மறையும். நடைமேடையிலேயே நில்லுங்கள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அப்புறம் வேறு பக்கத்திலிருந்து கேட்கத் தொடங்கும், இப்போது கீழேயிருந்து. எட்டிப் பார்த்தால் அதே கோச்சி, அதே பெட்டிகள், நீங்கள் நிற்கும் ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். பாதை மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தன்னையே கீழால் வெட்டிக்கொண்டு போகிறது.

மேட்டுப்பாளையம் ரயிலில் ஏறியவர்களுக்கு இதன் காரணம் சட்டென்று புரியும். அங்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் இருக்கிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தைக்கூட அது சமாளிக்கும். இங்கே பல் கிடையாது. கொழும்பிலிருந்து வரும் அதே அகலப்பாதைக் கோச்சி, வெறும் சக்கரத்தின் பிடியை நம்பி ஏறி இறங்க வேண்டும். இந்தப் பாதையில் நாற்பத்து நான்கு அடிக்கு ஓர் அடிதான் உச்சவரம்பு. மலை அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பாதையை நீட்டுவதைத் தவிர வழியில்லை. நீட்ட இடம் இல்லாவிட்டால் சுற்ற வேண்டும். இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு: பொறியியலாளர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்துத்தான் வழி பிறந்ததாம். உண்மையோ பொய்யோ, எங்கள் ஆட்கள் பேர் அடிபடுகிற கதை என்பதால் எனக்குப் பிடிக்கும். பதுளை வரையான பாதை 1924இல் திறக்கப்பட்டது.

திரும்பி வர ஓட்டோ பிடியுங்கள், அல்லது அடுத்த கோச்சி. வருகிற வழியில் நேரமிருந்தால் பண்டாரவளை வீதியில் தோவ விகாரைக்குப் போகலாம். பாறையில் சுமார் 38 அடி உயரத்துக்குச் செதுக்கி முடிக்காமல் விட்ட புத்தர் சிலை. பஸ் வீதியை ஒட்டியே இருக்கிறது, கொஞ்சம் படி இறங்கினால் போதும்.

எல்ல ராக்கைப் பற்றி இரண்டு மனதாகத்தான் சொல்கிறேன். காட்சி அபாரம். போக வர நான்கு மணி நேரம், கடைசி ஏற்றம் மரவேர்களைப் பிடித்து ஏறும் செங்குத்து. உங்கள் மகன் நடந்து பழகியவன் என்றால் நீங்களும் அவனும் இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்குப் புறப்படலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், சின்ன சிவனொளிபாதத்திலிருந்து அதே பிளவைத்தான் பார்த்திருக்கிறீர்கள். வழக்கமான வழி, ரயில் பாதையை ஒட்டியே கித்தல் எல்ல ஸ்டேஷன் பக்கம் நடந்து, அப்புறம் தேயிலைக்குள் திரும்புவது. எல்லாரும் தண்டவாளத்தில்தான் நடக்கிறார்கள் என்றாலும் அது சட்டப்படி கூடாத வேலை. வளைவுகளில் கோச்சி வருவது கடைசி நிமிடம்வரை கேட்காது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஓட்டோவில் கித்தல் எல்ல பக்கம் போய் இறங்கிக்கொள்வது மேல்.

இன்னொரு எச்சரிக்கை. வழியில் யாராவது ஓர் இளைஞர் வந்து "அந்தப் பாதை மூடியாச்சு, நான் காட்டுகிறேன்" என்பார். ஒருமுறை வெளிநாட்டு நண்பர்கள் இருவரோடு போனபோது எங்களிடமும் ஒருவர் இதைச் சொல்லி, தேயிலையைச் சுற்றிச் சுற்றி அரை மணி நேரம் நடக்க விட்டார். நான் பேசாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். காசு பேச்சு வந்ததும் சிங்களத்தில், "மல்லி (தம்பி), நான் பண்டாரவளை" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஒழுங்கான பாதையைக் காட்டினார், நானும் பிளேன்டீக்குக் காசு கொடுத்தேன். வழிகாட்டி வேண்டுமென்றால் தங்குமிடத்திலேயே பேசி, தொகையையும் முடிவுசெய்துகொண்டு போங்கள்.

அட்டைக்கும் குளவிக்கும் ஒரு பத்தி கொடுத்தே ஆகவேண்டும். அட்டை அருவருப்பைத் தவிர ஒன்றும் செய்யாது: மழைக்காலத்தில் புல்லில் நடந்தால் சொக்ஸ் வழியாக ஏறும். சொக்ஸின் மேல் சவர்க்காரத்தை (சோப்பை) தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் அண்டாது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், உப்பு வைத்தால் தானே விழும், இரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். குளவி வேறு கதை. தோட்டத்தில் குளவி கொட்டிச் செத்தவர்கள் உண்டு. கொழுந்து எடுப்பவர்களுக்கு அது ஒவ்வொரு நாளும் உள்ள பயம். பாறை இடுக்கிலோ உயர்ந்த மரத்திலோ கூட்டைப் பார்த்தால் சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள். சென்ட் போட்டுக்கொண்டு மலையேற வேண்டாம். பையன் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர்வீழ்ச்சிகளில் ராவண எல்ல வெல்லவாய வீதியிலேயே இருக்கிறது, ஊரிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர், 25 மீட்டர் உயரம். (எல்ல என்றாலே சிங்களத்தில் நீர்வீழ்ச்சிதான்.) ராவணன் சீதையை இந்தப் பக்கத்துக் குகையில் மறைத்து வைத்தான் என்பது கதை, குகை வரை ஏற நிறையப் படி உண்டு, உள்ளே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, நான் விட்டுவிடச் சொல்வேன். நீர்வீழ்ச்சியை வீதியிலிருந்தே பாருங்கள், அம்மாவுக்கும் வசதி. குளிக்க இறங்க வேண்டாம்: பாறை பாசி பிடித்து வழுக்கும், மேலே எங்கோ பெய்த மழை இங்கே சொல்லாமல் வரும், உயிர்கள் போயிருக்கின்றன. கொஸ்லந்தைக்கு அருகே 220 மீட்டர் உயரத் தியலும இருக்கிறது, அதன் தலையில் இருக்கும் இயற்கைத் தடாகங்களின் படம் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். 9 வயதுப் பிள்ளையோடு அங்கே நான் போகமாட்டேன்.

அந்த வெல்லவாய வீதி பற்றி ஒரு வார்த்தை. நீண்ட இறக்கம். 2025 செப்டம்பரில் ஓர் இரவு ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். இரவில் அந்த வழியே பயணம் வைக்காதீர்கள். வான் அமர்த்தினால், பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் இறக்கும் சாரதியா என்று முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். வேகம் கூடினால் தயங்காமல் சொல்லுங்கள்.

மூன்றாம் நாளை எல்லவில் கழிக்காமல் அப்புத்தளைக்குப் போங்கள். கோச்சியில் ஒரு மணி நேரம். அங்கிருந்து தம்பேதன்ன தோட்டம், தேயிலை வணிகர் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை, அதற்கு மேலே ஏழு கிலோமீட்டர் தேயிலைக்குள் வளைந்து போகும் பாதையின் முடிவில் லிப்டன் சீட் என்ற காட்சிமுனை. உச்சிவரை ஓட்டோ போகும் என்பதால் இது அம்மாவின் நாள். எல்ல விளிம்பைப் பார்த்த கண்ணுக்கு இது அதே விளிம்பு, கிட்டத்தட்ட இரு மடங்கு உயரத்தில். இங்கும் அதே விதிதான், ஒன்பது மணிக்கு மேல் போனால் வெள்ளைத் திரைதான் தெரியும். இறங்கும்போது நீங்களும் மகனும் கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள். லயங்களை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) கடந்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கடந்து, கோயிலைக் கடந்து வரும் நடை அது. சனி, ஞாயிறாக இருந்தால் அடிசம் பங்களாவையும் பார்க்கலாம். 1931இல் ஓர் ஆங்கிலேயர் கட்டிய கல்வீடு, இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். அவர்களே செய்து விற்கும் ஜாம் நன்றாக இருக்கும்.

ஹோர்ட்டன் சமவெளி என்ற உயர்மலைப் புல்வெளியைக் கேட்கவில்லை, கேட்டாலும் எல்லவிலிருந்து போகாதீர்கள் என்பேன். நள்ளிரவு தாண்டி எழும்பி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போய், ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அதற்கு நுவரெலியாவில் தங்கி வருவதே முறை. சிப்லைன், ஊஞ்சல் எல்லாம் எல்லவில் உண்டு. மகன் அடம்பிடித்தால் ஒரு தடவை போகட்டும்.

எப்போது வருவது? தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே நல்ல காலம். காற்று தன் மழையை மேற்குச் சரிவில், ஹட்டன் பக்கம் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் ஊவா மாகாணத்துக்கு வரும்போது வறண்டு வீசும். அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளரும், வாசம் ஏறும். ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற பருவம் அதுதான். தொழிற்சாலை ஒன்றைச் சுற்றிப் பார்த்து ருசி பார்ப்பதானால் அப்போது பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையும் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மண்சரிவும். குடும்பத்தோடு வர வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. ஆகவே புறப்படும் வாரத்தில், கோச்சி எந்த ஸ்டேஷனிலிருந்து எதுவரை ஓடுகிறது என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு திட்டம் போடுங்கள்.

கண்டியிலிருந்து கோச்சியிலேயே வருவதானால் ஆறேழு மணி நேரம். பதிவுசெய்யும் இருக்கைகள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம், நானுஓயா வரை வானில் வந்து அங்கே ஏறுங்கள். உண்மையான அழகு ஒகியவுக்குப் பிறகுதான். சுரங்கம், சுரங்கம், அப்புறம் இதல்கஸ்ஹின்ன. பாதை ஒரு முதுகெலும்பின் மேல் ஓடும், இரண்டு பக்கமும் பள்ளம். அம்மாவை வலப்பக்க ஜன்னலில் உட்கார வையுங்கள்; அப்புத்தளை வரை தெற்குச் சமவெளி அந்தப் பக்கம்தான். வாசலில் தொங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்த்து மகனுக்கும் ஆசை வரும். கூடாது.

தங்குவதற்கு, பெரிய தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி எடுங்கள், அம்மாவால் தூங்க முடியும். பதிவு செய்யும்போது "வாசல் வரை வண்டி வருமா, எத்தனை படி?" என்று கேளுங்கள். எல்லவில் நல்ல காட்சி உள்ள அறை என்றால் பெரும்பாலும் அறுபது படி என்று அர்த்தம். காலைச் சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும் காரமான கட்டசம்பலும் கேட்டு வாங்குங்கள், மகனுக்குச் சம்பல் வேண்டாம், சீனி போதும். அவனுக்குச் சொக்ஸ் இரண்டு சோடி கூடுதலாக எடுத்து வையுங்கள்.